பதினாலாம் கட்டத்து மீன்கள்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். இந்த ரகத்துக்குக் கணக்கு வேலைதான் லாயக்கு என்பான் அண்ணன். எனக்கு அவன் வைத்த பெயரே கணக்கு. என் சொந்தப் பெயர் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

அண்ணன் படகு வைத்திருக்கிறான். பத்து மீட்டர் நீளம், அவனையும் சேர்த்து நான்கு பேர். நான் கடல்பரப்புத் திட்ட அலுவலகத்தில் பொருளாதாரப் பிரிவில் இருக்கிறேன். கடலில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. கப்பல் போகிற பாதை, காற்றாலை நடுகிற இடம், கேபிள் பதிக்கிற இடம், மணல் எடுக்கிற இடம், மீன் பிடிக்கிற இடம். அப்படிப் பிரித்தால் யாருக்கு லாபம், யார் வயிற்றில் அடி விழும் என்று முன்கூட்டியே அளந்து சொல்வது என் வேலை. நிலமாக இருந்தால் நடந்து போய்ப் பார்க்கலாம். கடலுக்குச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டு வைத்திருக்கிறோம். மீனுக்கு இந்தச் சங்கதி தெரியாது. அது பாட்டுக்கு இருக்கிறது.

ஒரு கட்டத்தின் மதிப்பு என்ன என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே ஆதாரம், படகுக்காரர்கள் பதினைந்து நாளுக்கொரு முறை தருகிற படிவம். எந்தக் கட்டத்தில் பிடித்தேன், எத்தனை கிலோ பிடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பெரிய கப்பல்களில், அவை நிற்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவி உண்டு. எங்கள் துறைமுகத்தின் நாற்பத்து மூன்று படகுகளும் சின்னவை, அவற்றுக்கு அது கட்டாயமில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்ததுதான் எங்களுக்கு வேதவாக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த நாள். காற்றாலைகள் முதலில் பதினாலாம் கட்டத்தில் வருவதாக இருந்தது. துறைமுக வாசலை ஒட்டிய கட்டம், கேபிள் இழுக்கச் சுலபம். நான் எட்டு மாதம் மல்லுக்கு நின்றேன். படிவங்களைக் கூட்டிப் பார்த்தால் துறைமுகத்துக்கு வருகிற மீனில் பத்தில் ஒன்பது பங்கு பதினாலில் பிடித்தது. அதில் கை வைத்தால் படகுகள் மட்டுமல்ல, ஐஸ் தொழிற்சாலை, ஏலக்கூடம், வலைக்கடை எல்லாம் படுத்துவிடும் என்று எண்பது பக்கம் எழுதினேன். கடைசியில் இயக்குநர் மேடம் ஒத்துக்கொண்டார். காற்றாலைகள் இருபத்தேழாம் கட்டத்துக்குப் போயின. அங்கே ஏற்படும் இழப்புக்கு நேராக நான் எழுதிய சொல், 'புறக்கணிக்கத்தக்கது'.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்தேன். அண்ணன் டீயோடு வந்து குனிந்து பார்த்தான்.

"இங்க என்ன, புள்ளி புள்ளியா?"

"காத்தாலை. அறுபது. பதினால்ல வர இருந்துச்சு. நான்தான் சண்டை போட்டு இங்க தள்ளிவிட்டேன்."

"நீயா?"

"நானேதான். உன் தங்கச்சியை என்னன்னு நினைச்ச?"

அவன் விரல் இருபத்தேழின் மேல் நின்றுகொண்டே இருந்தது. பிறகு எழுந்து போய்க் கை கழுவினான். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது, கை சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்க" என்றார் அண்ணி. "இதுக்கு மேல என்ன மறைக்கிறது."

அண்ணன் துண்டில் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான்.

"பதினால்ல என்ன இருக்கு, தெரியுமா?"

"மீன்."

"சேறு. துறைமுகத்தைத் தூர் வாரிக் கொட்டின சேறு. ஒரு நண்டு கூட அதுல குடியிருக்காது."

நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன் என்பது சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது.

விஷயம் இதுதான். மீன் கிடைக்கிற இடத்தை எந்தப் படகுக்காரனும் இன்னொருவனிடம் சொல்ல மாட்டான். காகிதத்தில் எழுத மாட்டான். அரசாங்கத்திடம் சொல்வதென்றால் கேட்கவே வேண்டாம். படிவம் வந்த புதிதில் யாரோ ஒருவர், ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுத் தொலைப்போம் என்று வாசலில் இருக்கிற பதினாலைப் போட்டிருக்கிறார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னா அது பொய்யாவே தெரியாது" என்றான் அண்ணன், ஏதோ சமாதானம் சொல்கிறவனைப் போல.

"அப்ப மீனெல்லாம் எங்க?"

தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அவன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இருபத்தேழு."

"உனக்கு மட்டுமா?"

"முக்காவாசிப் பேருக்கு அங்கதான். ஒருத்தரை ஒருத்தர் பாத்தா பாக்காத மாதிரிப் போயிடுவோம்."

பதினோரு வருடமாக அண்ணனுடைய படிவத்தை எழுதியது நான். தன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று சொல்லி, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை தாளை என் முன்னால் வைப்பான். எந்தக் கட்டம் என்று கேட்டால் 'வழக்கம்போல போடு' என்பான். நானும் ஒன்று, நான்கு என்று அழகாகப் போட்டு, 'நிரப்பியவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போடுவேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. என் கையால் எழுதிய பொய்யை அலுவலகத்தில் நானே எடுத்து, நானே கூட்டி, நானே பெருக்கி, கடலின் உண்மை என்று தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதை விடக் கேவலம் ஒன்று உண்டு. டீசல் கணக்கு இடித்தது. பதினாலுக்குப் போய் வர ஒரு மணி நேரம் கூட ஆகாது. படகுகள் எரித்ததோ ஐந்து மணி நேர டீசல். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், ஏழாவது அடிக்குறிப்பில் ஒரு காரணத்தை எழுதி வைத்தேன். அதையும் அவனிடம் சொன்னேன்.

"என்ன எழுதின?" என்று கேட்டான் அண்ணன்.

"எஞ்சினெல்லாம் பழசு, டீசல் வீணாகுதுன்னு."

"என் எஞ்சின் பழசா? போன வருஷம்தானே புதுசு மாத்தினேன். நீதானே வந்து போட்டோ புடிச்ச."

அவன் அலமாரியின் மேல் தட்டிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டான். தேதி, ஆழம், திசை, எந்த மீன், எத்தனை பெட்டி என்று பக்கம் பக்கமாக இருந்தது. நான் உள்ளே இருந்ததை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது.

"இது யார் எழுத்து?"

அண்ணன் நோட்டை மூடக் கை நீட்டினான்.

"அண்ணா, உன் எழுத்து என்னோடதை விட நல்லா இருக்கு. அப்புறம் ஏன் என்னை எழுத வெச்ச?"

"பொய்யை என் கையால எழுத மனசு வரல."

"என் கையால எழுதலாமா?"

"உனக்குத்தான் தெரியாதே. தெரியாம எழுதினா பொய்யாகாது" என்றான். அதைப் பல வருடமாக அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் டம்ளர்களை எடுத்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டினேன்.

"இருபத்தேழு போயிட்டா படகை விக்க வேண்டியதுதான்" என்றார் அண்ணி. "இவருக்கு வேற என்ன தெரியும்?"

"நீ யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றான் அண்ணன். "பொய் எழுதினேன்னு தெரிஞ்சா உரிமத்தைப் புடுங்கிடுவாங்க."

"சொல்லலேன்னா இடத்தைப் புடுங்கிடுவாங்க."

அவன் நோட்டை எடுத்து மறுபடியும் அலமாரியின் மேல் தட்டில் வைத்தான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் மேடத்தின் அறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினேன். மேடம் நல்லவர். கெட்டவராக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நல்லவரிடம் போய், நான் உங்களை நான்கு வருடமாக ஏமாற்றியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. மூன்றாவது முறை கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"இருபத்தேழு காலி இல்ல மேடம்."

"காலின்னு உங்க அறிக்கைதானே சொல்லுது?"

"படிவம் பொய்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"அதுல ஒண்ணை நான்தான் எழுதினேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன், சனிக்கிழமை, பதினாலு, ஏழாவது அடிக்குறிப்பு.

"ஆதாரம்?" என்றார் கடைசியில்.

"டீசல் கணக்கு."

"டீசல் தூரத்தைச் சொல்லும். திசையைச் சொல்லாது."

அது நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அண்ணனின் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சொந்தத் தங்கை கொண்டு வருகிற ஒரே ஒரு படகின் நோட்டை வைத்துக்கொண்டு அறுபது காற்றாலைகளை நிறுத்த முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கோப்பு மேல போகுது" என்றார். "அன்னைக்கேதான் இந்தப் பதினஞ்சு நாள் படிவத்துக்கும் கடைசி நாள். அதுல இருபத்தேழுன்னு வந்தா, கோப்பை நிறுத்தி, ஒரு பருவம் ஆள் அனுப்பி அளக்கச் சொல்றேன். வரலேன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

"ஒரு படகு எழுதினா போதுமா மேடம்?"

"விதி என்ன சொல்லுது?"

விதியை எழுதியதே நான். ஒரு கட்டத்தை மூன்று படகுகளுக்குக் குறைவாக எழுதியிருந்தால், அறிக்கையில் அந்தக் கட்டத்தை வெறுமையாகக் காட்ட வேண்டும். ஒருவர் இருவர் மட்டும் போகிற இடம் வெளியே தெரிந்துவிடக் கூடாது, படகுக்காரர்களின் ரகசியம் காப்பாற்றப்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு விதி எண்ணோடு உதாரணம் வேண்டுமானால் என்னிடம் வரலாம்.

"மூணு" என்றேன்.

"மூணு" என்றார் அவரும்.

"பழைய படிவத்துக்காக உரிமத்துல கை வெப்பாங்களா?"

"நான் தோண்ட மாட்டேன். ஆனா அதை எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்ல."

வாய்வார்த்தைதான். என்மேல் விசாரணை உண்டு என்றும், அது முடியும்வரை கீழ்த்தளத்தில் படிவம் வாங்குகிற கவுன்டரில் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். மூன்று மாடி இறங்கும்போது, நான்கு வருடம் ஏறி வந்ததெல்லாம் இத்தனை சுலபமாக இறங்கிவிடுகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் வலைக் கொட்டகைக்குப் போனேன். இருபது பேருக்கு மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் நடுவில் இருந்தார். பக்கத்தில் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். ஆனால் எங்கே மீன் பிடித்தான் என்பதை மட்டும் அந்த ரேடியோ ஒருநாளும் ஒலிபரப்பியதில்லை. மூலையில் சிடுமூஞ்சி. ஒரு கயிற்றுத் தகராறில் ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அண்ணன் கதவருகே நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் சொன்னேன். காற்றாலை எங்கே வருகிறது, ஏன் அங்கே வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் மூன்று படகு உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். இருபத்தேழு என்ற எண் என் வாயிலிருந்து வந்ததும் வலை ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் தலைவர். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "நாங்கல்லாம் பதினால்லதானே பொழப்பு நடத்தறோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, சேத்துல மீன் பிடிக்கிற வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றேன்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்" என்றார். "இருபத்தேழுன்னு மொதல்ல எழுதறவன் இத்தனை வருஷமாப் பொய் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. நாளைக்கு உங்க மேடம் மாறிப்போயி வேற ஆள் வந்தா? சரி, அதை விடு. படிவத்தை வாங்கறப்ப கட்டத்தை உரக்கப் படிச்சுக் காட்டுவீங்கள்ல? கவுன்டர்ல பக்கத்துத் துறைமுகத்துக்காரன் நிப்பான். மறுநாள் விடியறப்ப அவனோட அறுபது படகும் அங்க நிக்கும். இதுல பூனைக்கு மணி கட்டப் போறது யாரு?"

எல்லாரும் மறுபடியும் வலை ஊசியைக் கையில் எடுத்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். கதவருகே அவன் இல்லை.

வெளியே ஓடிப்போய்ப் பிடித்தேன். அவன் முகம் சிவந்திருந்தது.

"இருபத்தஞ்சு வருஷம். இந்த வாயால வெளியில ஒருத்தன்கிட்ட அந்த எண்ணைச் சொன்னதில்ல. நீ மூணே நாள்ல ஊருக்கே படிச்சுக் காட்டிட்ட."

"அங்க கம்பத்தை நட்டுட்டா உன் ரகசியத்தை வெச்சு என்ன பண்ணுவ? ஊறுகாயா போடுவ?"

"இனிமே என் படிவத்தை நீ எழுத வேணாம்" என்றான். கணக்கு என்று கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பாமல் போய்விட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணிக்குப் போன் செய்தால், 'அவர் என்கிட்டயும் பேசறதில்லம்மா' என்றார். நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு மணி நேரமும், இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அடுத்த ஒரு மணி நேரமும் நினைத்தேன். வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பியபோது வீட்டுப் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கவுன்டரைத் திறந்தேன். கண்ணாடித் தடுப்பு, அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, மேசையில் மைப்பெட்டி, முத்திரை, கயிற்றில் கட்டிய பேனா. தலைவர் சொன்னது சரிதான். எந்தக் கட்டம் என்பதை உரக்கப் படித்து, கொடுத்தவர் தலையசைத்த பிறகுதான் முத்திரை குத்த வேண்டும். இதை எழுது, அதை எழுது என்று நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. விசாரணையில் இருக்கிறவள், சொன்னால் படிவமே செல்லாமல் போய்விடும்.

முதல் தாள் ஒன்பதேகாலுக்கு வந்தது. "பதினாலு" என்று படித்தேன். தலையசைத்தார். குத்தினேன். அடுத்தது பதினாலு. அதற்கடுத்தது பதினாலு. ஒவ்வொருவரும் தாளைக் கவிழ்த்து வைத்துத் தள்ளிவிட்டு, கூரையில் ஏதோ விசேஷம் நடப்பது போல மேலே பார்த்தார்கள். தலைவர் வந்தார். பதினாலு. "எம் பொண்ணு எழுதினது" என்று ஒரு சாக்குப்போக்கையும் சந்து வழியாகத் தள்ளிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் இருபத்தாறு தாள் சேர்ந்துவிட்டது. பதினாலு, பதினாலு என்று சொல்லிச் சொல்லி என் வாய் கசந்தது.

இரண்டு மணிக்குச் சிடுமூஞ்சி வந்தார். தாளைத் திருப்பினேன். இரண்டு, ஏழு. என் கண்ணை நானே நம்பவில்லை.

"இருபத்தேழு" என்று படித்தேன்.

"எனக்குக் கண்ணாடி சரியில்ல" என்றார், யாரையோ திட்டுவது போல. "நான் என்ன எழுதியிருக்கேன்னு எனக்கே தெரியாது. குத்து."

குத்தினேன். மூன்றரை மணிக்கு ரேடியோ வந்தான். தாளை எட்டாக மடித்து வைத்திருந்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் வாய் மூடியிருந்தது. பிரித்தேன். இருபத்தேழு. படித்ததும் தலையசைத்தான். வரிசையில் நின்றவர்களைப் பார்க்காமல், வந்த வழியே வேகமாகப் போனான்.

இரண்டு.

நாலரைக்குள் நாற்பத்து இரண்டு படிவங்கள் வந்துவிட்டன. நாற்பது பதினாலு, இரண்டு இருபத்தேழு. மீதி இருந்தது ஒரே ஒரு படகு. அண்ணிக்குப் போன் செய்தேன்.

"காலையிலயே கிளம்பிட்டாரு. படிவத்தை எடுத்துட்டுப் போனாரான்னு தெரியல. மேசையில இல்ல. கிழிச்சுப் போட்டாரோ என்னவோ."

நாலு நாற்பது. மேலே மூன்றாவது மாடியில் மேடம் பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருப்பார். அவர் நேரம் தவறாதவர். தெருக்கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒரு முறை தபால்காரர். ஒரு முறை காற்று. அப்புறம் பக்கத்துத் துறைமுகத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேர், உரிமம் புதுப்பிக்க வந்தவர்கள், வரிசைக்கு நின்றார்கள்.

நாலு நாற்பத்தெட்டுக்கு அண்ணன் வந்தான். அவனை முன்னால் விடச் சொல்லி அந்த இருவருக்கும் கையைக் காட்டினேன். அவர்கள் ஒதுங்கி, ஒரு முழம் தள்ளி நின்றார்கள். பேச்சை நிறுத்திவிட்டார்கள், காது இங்கே இருந்தது.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் தாளைச் சந்து வழியாகத் தள்ளினான். தேதி இருந்தது. கிலோ இருந்தது. கடலுக்குப் போன நாட்கள் இருந்தன. எல்லாம் அந்த முத்து முத்தான எழுத்து. கட்டம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"கட்டம் எழுதலையேங்க" என்றேன். சொந்த அண்ணனை நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

"நீயே எழுதிக்க."

"சொன்னாத்தான் எழுத முடியும்."

அவன் பின்னால் நின்ற இருவரையும் திரும்பிப் பார்த்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, போ அண்ணா, வீட்டுக்குப் போ, எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

"வழக்கம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

அந்த அரைச் சொல்லே என் கைக்குப் போதுமாக இருந்தது. பதினோரு வருடப் பழக்கம். நான் நினைப்பதற்குள் பேனா இறங்கி ஒன்று என்று போட்டுவிட்டது.

இரண்டு பேரும் அந்த ஒன்றையே பார்த்தோம். என் எழுத்து, அழகான, நேரான ஒன்று. பக்கத்தில் ஒரு நான்கைப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவன் ரகசியம் அவனிடம் இருக்கும், உரிமம் இருக்கும். அவனுடைய கடல் இருக்காது.

அண்ணன் சந்து வழியாகக் கையை நுழைத்து, என் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை எடுத்தான். கயிறு வெளியே எட்டாததால், தாளை என் பக்கமே விட்டு, சந்துக்குள் கைவிட்டபடி குனிந்தான். ஒன்றை ஒரு கோடு போட்டு அடித்தான். பக்கத்தில் எழுதினான். அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டான். கீழே 'நிரப்பியவர்' என்ற இடத்துக்கு வந்து ஒரு கணம் நின்றான். அங்கே எப்போதும் என் கையெழுத்துதான் இருக்கும். அதிலும் தன் பெயரை முழுசாக எழுதினான்.

"படி" என்றான்.

"இருபத்தேழு."

பின்னால் நின்ற இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அண்ணனுக்கு அது முதுகில் பட்டிருக்க வேண்டும், தோள் ஒருமுறை குலுங்கியது. ஆனாலும் தலையசைத்தான். முத்திரையைக் குத்தினேன். கோணலாக விழுந்தது.

"நாளைக்கு அங்க எனக்கு நிக்கவே இடமிருக்காது" என்றான் மெதுவாக.

மூன்று தாள்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். முத்திரை மை ஈரமாக இருந்ததால் ஊதினேன். ஊதிக்கொண்டே நின்றேன்.

அவன் கடிகாரத்தைக் காட்டினான்.

"அஞ்சாகப் போகுது. ஓடு, கணக்கு."

நான் மூன்று மாடியும் ஓடினேன்.